சும்மா இருக்கும்போது உடல் எவ்வளவு எரிக்கிறது?

நிறையைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னதும் எங்களில் பலர் கைபேசியில் ஒரு செயலியைத் தரவிறக்குகிறோம். வயது, உயரம், நிறையைக் கொடுத்தால் நாளுக்கு இத்தனை கலோரி என்று சொல்லிவிடும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன்.

படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, மூளை இயங்குகிறது, உடற்சூடு காக்கப்படுகிறது. இதற்குச் செலவாகும் சக்திதான் ஓய்வுநிலை அனுசேப வீதம். பெரும்பாலானோரின் நாளாந்தச் செலவில் பாதிக்கு மேல் இதுவே. முறையாக அளப்பதென்றால், இரவு முழுவதும் உண்ணாதிருந்தவரைக் காலையில் அசையாமல் படுக்கவைத்து, அவர் உள்ளெடுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் கருவியால் அளப்பார்கள். செயலி எதையும் அளப்பதில்லை. வேறு மனிதரில் அளந்து உருவாக்கிய சமன்பாட்டை எங்கள் மீது போட்டுப் பார்க்கிறது.

புகழ்பெற்ற ஹரிஸ்–பெனடிக்ற் சமன்பாடு 1919இல் அமெரிக்கர்களை அளந்து வந்தது. அதே பெனடிக்ற், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த எலினர் மேசனுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களை அளந்து 1931இல் முடிவை வெளியிட்டார். அமெரிக்க அளவைவிட அது கணிசமாகக் குறைவாக இருந்தது. எங்கள் இனத்தின் உடலே வேறு என்று இதற்குப் பொருளில்லை. 1990களில் பெங்களூர் ஆய்வாளர்கள், தசையின் அளவைக் கணக்கிலெடுத்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைவதைக் காட்டினார்கள்.

45 வயது, 152 சென்ரிமீற்றர் உயரம், 60 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு 1919ஆம் ஆண்டுச் சமன்பாடு ஏறத்தாழ 1,300 கலோரி என்கிறது. 1990இல் வந்த மிஃப்ளின் சமன்பாடு 1,164 என்கிறது. ஒரே பெண்தான்! வித்தியாசம் 100 கிராம் சோற்றுக்குச் சமம்.

தசை என்றதும் பட்டினியைப் பேசாமல் விடமுடியாது. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ், தாமாக முன்வந்த 36 ஆண்களை 24 வாரங்கள் அரைப்பட்டினி இருக்கச் செய்தார். அவர்களின் அனுசேப வீதம் ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தது. மீண்டும் சாப்பிட்டபோது கொழுப்பு முந்தித் திரும்பியது, தசை பிந்தியது. 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சியோடு உயிர் காத்தவர்களை யாரும் இப்படி அளக்கவில்லை. ஆனால், நிறை குறைக்கவென்று மீண்டும் பட்டினி கிடக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த ஆய்வே போதும். சோற்றைக் குறைத்தாலும் மீன், முட்டை, பயறு, கடலையைக் குறைக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் வைத்தியரைக் கேளாமல் எதையும் குறைக்காதீர்கள்.

காலை இழந்தவர்களுக்குச் செயலியும் கிளினிக் அட்டவணையும் இன்னும் பிழைக்கும். முழங்காலுக்குக் கீழான பகுதி உடல் நிறையில் ஏறத்தாழ 6 சதவீதம். முழுக்கால் 16 சதவீதம். 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் முழங்காலுக்குக் கீழ் இழந்தபின் 60 கிலோ என்றால், அவரது உடற்திணிவுச் சுட்டி 22. ஆசியர்களுக்கான 23 என்ற எல்லைக்குள் நிற்கும். இழந்த பகுதியையும் சேர்த்தால் 63.8 கிலோ, சுட்டி 23.4. அதாவது நீரிழிவு ஆபத்து கூடும் பக்கம். செயற்கைக் காலோடு நடப்பதற்கோ சாதாரண நடையைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். அதையும் செயலி அறியாது. கிளினிக்கில் நிறை பார்க்கும்போது செயற்கைக் காலைக் கழற்றி நிறுக்கச் சொல்லி, இந்தத் திருத்தத்தையும் கேளுங்கள்.

கருவி இல்லாத இடத்தில் தையற்கடை அளவுநாடா உதவும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால், செயலி என்ன சொன்னாலும் இரத்தச் சீனியைப் பரிசோதியுங்கள்.