ஆட்சியும் ஆவணமும் அயலார் காட்சியும்

சட்டக் கல்வியிற் புதிதாகப் புகும் மாணவர்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் சட்டத்தின் நுண்மையன்று, அதன் சொற்களேயாம். வாதி, பிரதிவாதி என்பன வடசொற்கள். வக்கீல், முன்சீப், ஆஜர், வாய்தா, ஜாமீன் என்பன அரபு மொழியினின்று வந்தன. ஜமீன், தஸ்தாவேஜு, பேஷ்குஷ் என்பன பாரசீகம். இவற்றைப் பட்டியலாக எழுதி நெட்டுருச் செய்தலாற் பெரும்பயன் விளையாது. ஒரு சொல் எவ்வழக்கில் எதனைத் தீர்த்ததோ அவ்வழக்கோடு வைத்து அதனைக் கற்றலே முறையாகும். அங்ஙனங் கற்றற்குரிய வழக்கொன்று சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்ததே. அது சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், தடுத்தாட்கொண்ட புராணத்தில் விரித்துரைக்கப்பெற்ற திருவெண்ணெய்நல்லூர் வழக்காகும்.

அவ்வழக்கின் சொற்கள் இன்றும் எத்துணைப் பயனுடையன என்பதைப் போடிநாயக்கனூரையும் அதனை அடுத்த ஏலமலைச் சரிவுகளையுங் கொண்டு ஆராய்வாம். அவ்வூர் மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்று. பின்னர் ஜமீன் ஆயிற்று. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்பின் ரயத்துவாரி முறைக்குட் புகுந்தது. மேலுள்ள ஏலமலையின் பெரும்பகுதி பண்டு திருவிதாங்கூர் அரசின்பாற்பட்டது. இன்று கேரளத்து இடுக்கி மாவட்டத்துள் அடங்கும். ஆண்டு விளையும் ஏலக்காய் போடியிலும் புற்றடியிலும் ஏலம் விடப்பெறுகின்றது. விளைபொருளாகிய ஏலம் பழந்தமிழ்ச் சொல். விலை கூறும் ஏலமோ போர்த்துக்கேசியச் சொல்லின் திரிபு. ஈரெழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் பொருள் வேறாதல் காண்க. இவ்வாறே ஜமீன் என்பது நிலம். ஜாமீன் என்பது பிணை. ஒரு நெடிலாற் பொருள் முற்றும் மாறிவிடும்.

இத்தகைய ஊரில் ஒரு குடியானவர் தம் பழம்பெட்டியைத் திறப்பின், ஆண்ட அரசுகள் பலவற்றின் சொற்களும் அடுக்கடுக்காய்க் கிடக்கும். ஜமீன்தார் குடிக்குக் கொடுப்பது பட்டா. குடி ஜமீன்தாருக்கு எழுதிக் கொடுப்பது முச்சலிகை. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட்டு நிலச் சட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று ஈடாகப் பேசப்பெற்றன. இன்று அரசு வழங்கும் பட்டாவோ வருவாய்த்துறையின் பதிவு. விலையாவணம் போல உரிமையைத் தோற்றுவிப்பதன்று எனப் பல தீர்ப்புக்கள் கூறுகின்றன. பெயர் ஒன்றே, காலத்தாற் பொருள் வேறு. இதனை உணராது பட்டா ஒன்றையே நம்பி நிலம் வாங்கி இழந்தார் பலர். சொல்லறியாமை பொருளிழப்பாய் முடிதல் இங்ஙனம்.

இனித் திருவெண்ணெய்நல்லூர் வழக்கினை நோக்குவாம். புத்தூரிற் சடங்கவி சிவாசாரியார் மகளாரை மணக்கப் புகுந்த நம்பியாரூரரை ஒரு முதிய வேதியர் வந்து தடுத்து, 'நீ எனக்கு அடிமை' என வழக்குரைத்தார். நம்பி அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு முதியவர் ஊராகிய வெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. மறையவர் பிறர்க்கு அடிமையாதல் உலகில் இல்லையே என அவையோர் முதலில் ஐயுற்றனர். பின்னர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நும் கூற்றை மெய்ப்பிக்க என முதியவரையே பணித்தனர். வழக்குத் தொடுத்தவரே மெய்ப்பிக்கும் பொறுப்புடையர் என்னும் விதி இதனுள் அமைந்துளது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இதனையே 101-ஆம் பிரிவாக வகுத்தது. அச்சட்டத்திற்கு ஈடாக 2023-இல் இயற்றப்பெற்று 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இவ்விதியைக் கைவிடவில்லை.

முதியவர் மேலும் ஒன்று கூறினார். நம்பி கிழித்தது படியோலை; மூலவோலை தம்மிடம் உண்டு என்பதே அது. மூலம் முதனிலைச் சான்று. படி இரண்டாம் நிலைச் சான்று. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62, 63-ஆம் பிரிவுகள் இவ்வேறுபாட்டையே கூறின. அவையோர் காவல் தர, மூலவோலை கரணத்தானாற் படிக்கப்பெற்றது. மேலெழுத்திட்ட சாட்சிகளின் எழுத்து ஆராயப்பெற்றது. நம்பியின் பாட்டனார் எழுதியதும் காப்பில் இருந்ததுமாகிய மற்றோர் ஓலையை வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்புநோக்கினர். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் இம்முறை அச்சட்டத்தின் 73-ஆம் பிரிவிற் காணப்பெற்றது. ஒப்பு முடிந்தபின்னரே, நம்பி தோற்றார் எனத் தீர்ப்புப் பிறந்தது. வழக்கு, அவை, மூலவோலை, படியோலை, மேலெழுத்து, ஒப்பு, தீர்ப்பு ஆகிய அனைத்தும் ஒரே கதையினுள் அடங்கின. மாணவர் இதனை ஒருமுறை ஓதின் மறவார்.

மூன்றனுள் ஆவணம் எழுத்து. ஆட்சி என்பது நெடுங்கால அனுபோகம். அயலார் காட்சி என்பது வழக்கிற் பற்றில்லாத பிறர் கண்டு கூறுஞ் சான்று. இம்மூன்றும் ஏலமலையில் இன்று மும்முனை வழக்குக்களாய் நிற்கின்றன.

முதலாவது ஆவணம். ஏலமலையை ஒதுக்குக் காடாக அறிவித்துத் திருவிதாங்கூர் அரசு 1897-ஆம் ஆண்டில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதிற் குறித்த பரப்பு 15,720 ஏக்கர் என ஒருசாராரும், 2,15,720 ஏக்கர் என மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். ஓர் இலக்கம் முன்னே நிற்கின்றதா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கர் தொங்குகின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணையால் ஆங்குப் புதிய பட்டா வழங்குதலை நிறுத்தியது. மூலம் எது, படி எது, படியில் எழுத்து வழுவியதா என்னும் வெண்ணெய்நல்லூர் வினாவே அங்கும் எழுந்ததன்றோ?

இரண்டாவது ஆட்சி. தனியார் நிலத்தை உரியவர் அறியப் பன்னிரண்டு ஆண்டு எதிரிடையாக அனுபவித்தால், உரியவர் வழக்கிடும் உரிமை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தால் அற்றுப்போம். அரசு நிலத்திற்கோ முப்பது ஆண்டு வேண்டும். குத்தகைக்கு எடுத்தவர் அனுபோகம் எத்தனை ஆண்டாயினும் எதிரிடை ஆகாது. அது உரியவரது இசைவின்மேல் நிற்பது. தலைமுறை தலைமுறையாய் ஏலம் பயிரிட்டோம் என்பார், தாம் குத்தகைக்காரரா உரியவரா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். ஆட்சி என்னுஞ் சொல்லின் எல்லை அங்கேயுளது.

மூன்றாவது அயலார் காட்சி. முதுவர், பளியர் முதலிய மலைவாழ் மக்களிடம் ஓலையும் இல்லை, பட்டாவும் இல்லை. பல்லாண்டுகளாக அவர் வாய்மொழி அவையேறாதிருந்தது. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், உரிமை கோருவோர் அல்லாத முதியோர் கூற்றை எழுத்திற் பதிந்தால் அதனையுஞ் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்கின்றன. கோரிக்கையை முதற்கண் ஆராய்வதும் கிராம சபையே. எழுத்தற்றவர்க்கும் நீதிமன்ற வாயில் திறத்தல் வேண்டும் என்பதற்கே பண்டையோர் மூன்றாவதொன்றை வைத்தனர் போலும்.

நம் சித்தாந்த நூலாராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாருள் அளவைகளை ஆராய்ந்து, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். பொருளுண்மை துணிதற்கு மூன்று. வழக்குண்மை துணிதற்கும் மூன்று. இரண்டிடத்தும் கருத்து ஒன்றே: கூற்றுமட்டும் போதாது, அதனைத் தாங்கும் சான்று வேண்டும். இறைவனே வழக்காளனாய் வந்தவிடத்தும் அவையோர் இவ்விதியைத் தளர்த்தினாரல்லர். அவனும் தளர்த்துமாறு வேண்டினானல்லன்.

தேனியில் 2019-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு சட்டக் கல்லூரியிற் பயிலும் மாணவர் பலர், நாளை இம்மலைச்சரிவுக் குடிகளுக்காகப் பேசுவர். எதிரே நிற்பவர் பெரிய சொற்களை வீசுங்கால், ஒவ்வொன்றையும் நிறுத்தி, இஃது ஆவணமா, ஆட்சியா, அயலார் காட்சியா என வினாவுதல் அவர் கடன். காட்டியது மூலமா படியா என்பது அடுத்த வினா. இவ்விரு வினாக்களையும் தம் கட்சிக்காரருக்கு அவர் பேசுந் தமிழிலேயே விளக்கவல்லாரே நல்ல வழக்கறிஞர். பொருள் விளங்காத தாளிற் கைந்நாட்டு வைத்து நிலமிழப்பார் ஒருவரையேனும் அவர் காப்பாராயின், கற்ற சொற்கள் பயன்பட்டனவாம்.