தானியங்கிச் செலுத்தம்

தானியங்கிச் செலுத்தம் என்பது தானுந்தின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப, ஓட்டுநரின் கையுதவி இன்றித் தானாகவே கியரை மாற்றிக்கொள்ளும் பொறியமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஆட்டோமேட்டிக் கியர் எனப்படுகின்றது. இவ்வமைப்பு உள்ள தானுந்தில் முடுக்கி, தடை (பிரேக்) ஆகிய இரண்டு மிதிகள் மட்டுமே இருக்கும். கிளட்ச் மிதி இராது. ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், ஒன்றுக்கொன்று வேறுபட்ட நான்கு அமைப்புகள் இப்பெயரில் பரவலாக உள்ளன. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அவை இயங்கும் விதம் வேறுபடுவதால், எந்த வகை என்று அறிந்து ஓட்டுதல் இன்றியமையாதது.

தேவை

பெட்ரோல் அல்லது டீசல் பொறி ஒரு குறிப்பிட்ட சுழல்வேக எல்லைக்குள் மட்டுமே நன்கு இயங்கும். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே சென்றால் அது நின்றுவிடும். ஆனால் சக்கரமோ சுழியிலிருந்து சுழலத் தொடங்க வேண்டும். எனவே, பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்திலிருந்து அதன் தொடர்பைத் துண்டிக்க ஓர் உறுப்பு தேவை. அது கிளட்ச். சுழல்வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்ட மற்றோர் உறுப்பு தேவை. அது பற்சக்கரப் பெட்டி.

கைமுறைச் செலுத்தத்தில் இவ்விரண்டையும் இயக்குவது ஓட்டுநரின் இடக்காலும் இடக்கையும் ஆகும். நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெரு போன்ற நெரிசலான இடங்களில் இவ்வேலை மீண்டும் மீண்டும் வருகின்றது. தானியங்கிச் செலுத்தம் இவ்வேலையைத் தானே ஏற்றுக்கொள்கின்றது.

வரலாறு

செருமானியப் பொறியாளர் எர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் நீர்ம வழி முறுக்குவிசை கடத்தும் அமைப்புக்குக் காப்புரிமம் பெற்றார். இது முதலில் கப்பல்களுக்காக உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் செனரல் மோட்டார்சு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு ஓல்ட்சுமொபைல் தானுந்துகளில் ஐடிரா-மேட்டிக் என்னும் நான்கு கியர் தானியங்கிச் செலுத்தத்தை அறிமுகப்படுத்தியது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் பட்டை வழி இயங்கும் தொடர்மாறு செலுத்தத்தைச் சிறு தானுந்தில் பொருத்தியது.

இந்தியாவில் நெடுங்காலம் விலை மிகுந்த தானுந்துகளிலேயே இவ்வசதி பெரும்பாலும் இருந்தது. 2014-இல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. வகையுடன் வெளிவந்த பின்னரே குறைந்த விலைத் தானுந்துகளிலும் இது பரவியது.

இயங்கும் முறை

மரபான தானியங்கிச் செலுத்தத்தில் மூன்று முதன்மைப் பகுதிகள் உள்ளன.

1. முறுக்குவிசை மாற்றி

டார்க் கன்வர்ட்டர் எனப்படும் இவ்வுறுப்பு கிளட்சின் இடத்தில் அமைகின்றது. எண்ணெய் நிரம்பிய மூடிய கலத்துள் இறக்கைகள் கொண்ட இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே இருக்கும். பொறியுடன் இணைந்த எக்கிச் சக்கரம் சுழன்று எண்ணெயை வீசுகின்றது. வாய்க்கால் நீர் நீர்ச்சக்கரத்தைச் சுழற்றுவது போல, அவ்வெண்ணெய் எதிரேயுள்ள விசையாழிச் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. இரண்டுக்கும் திண்ம இணைப்பு இல்லை. ஆகவே தடையை மிதித்து ஊர்தியை நிறுத்தினாலும் எண்ணெய் வழுக்கிச் செல்லுமேயன்றிப் பொறி நிற்பதில்லை.

இவற்றின் நடுவே நிலையி என்னும் மூன்றாவது இறக்கைச் சக்கரம் உள்ளது. திரும்பி வரும் எண்ணெயை எக்கியின் சுழற்சிக்கு உதவும் திசையில் இது திருப்புகின்றது. இதனால் ஊர்தி புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்கு ஆகின்றது. சீரான வேகத்தில் செல்லும்போது வழுக்கலால் ஆற்றல் வீணாகாமல் இருக்க, ஒரு பூட்டுக் கிளட்ச் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கின்றது.

2. கோள் பற்சக்கரத் தொகுதி

நடுவில் கதிரவச் சக்கரம், அதனைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே உட்புறம் பற்களைக் கொண்ட வளையச் சக்கரம் என இத்தொகுதி அமைந்துள்ளது. கோள் சக்கரங்களைத் தாங்குவது தாங்கி எனப்படும். கதிரவம், தாங்கி, வளையம் ஆகிய மூன்றில் ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றொன்றைச் சுழற்றினால், மூன்றாவது வேறொரு வேகத்தில் சுழலும். எடுத்துக்காட்டாக, கதிரவத்துக்கு 28 பற்களும் வளையத்துக்கு 68 பற்களும் இருப்பதாகக் கொள்வோம்.

* வளையத்தைப் பிடித்துக் கதிரவத்தைச் சுழற்றினால், அது 3.43 முறை சுழலும்போது தாங்கி ஒரு முறை சுழலும். இது விசை மிகுந்த கீழ்க் கியர்.
* கதிரவத்தைப் பிடித்து வளையத்தைச் சுழற்றினால் விகிதம் 1.41 ஆகும்.
* ஏதேனும் இரண்டை ஒன்றாகப் பிணைத்தால் தொகுதி முழுதும் ஒன்றாகச் சுழலும், விகிதம் 1.
* தாங்கியைப் பிடித்துக் கதிரவத்தைச் சுழற்றினால் வளையம் எதிர்த்திசையில் சுழலும். இது பின்னோக்கு கியர், விகிதம் 2.43.

பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கின்றன. எதைப் பிடிப்பது, எதை விடுவிப்பது என்பதே மாறுகின்றது. இதனால்தான் விசை அறுபடாமல் கியர் மாற இயலுகின்றது. இத்தகைய தொகுதிகள் பலவற்றைக் கோத்து 6, 8 அல்லது 10 கியர்கள் வரை பெறப்படுகின்றன.

3. கட்டுப்பாடு

பற்சக்கர உறுப்புகளைப் பிடிக்கும் கிளட்ச் தட்டுகளை எண்ணெய் அழுத்தம் இயக்குகின்றது. பழைய அமைப்புகளில் ஊர்தியின் வேகமும் முடுக்கியின் நிலையும் எண்ணெய் அழுத்தங்களாக மாற்றப்பட்டு, அவற்றின் போட்டியே கியரை முடிவு செய்தது. இன்று உணரிகளிடமிருந்து தகவல் பெறும் சிறு கணினி, மின்காந்தத் தடுக்கிதழ்களைத் திறந்து மூடி இதனைச் செய்கின்றது.

வகைகள்

சென்னையை அடுத்த ஆலைகளில் உருவான தானுந்துகளிலேயே நான்கு வகைகளுக்கும் எடுத்துக்காட்டுகள் உள்ளன.

* முறுக்குவிசை மாற்றி வகை: மேலே விளக்கப்பட்டது. 2015-இல் வெளிவந்த ஊண்டாய் கிரெட்டாவின் 6 கியர் வகை இதற்குச் சான்று.
* தொடர்மாறு செலுத்தம் (சி.வி.டி.): விட்டம் மாறக்கூடிய இரு கப்பிகளுக்கு இடையே ஒரு பட்டை ஓடும். படிப்படியான கியர்கள் இல்லை. விகிதம் இடையறாது மாறும். டிவிஎசு நிறுவனத்தின் ஸ்கூட்டி போன்ற கியரில்லா இருசக்கர ஊர்திகளிலும் இதே கொள்கையே பயன்படுகின்றது. நிசான் மைக்ரா 2013-இல் இவ்வகையைப் பெற்றது.
* இரட்டைக் கிளட்ச் வகை (டி.சி.டி.): ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒன்று என இரு கிளட்ச்கள். ஒரு கியர் இயங்கும்போதே அடுத்தது ஆயத்தமாக இருக்கும். ஃபோர்டு ஈக்கோசுபோர்ட் (2013), ஊண்டாய் வென்யூ (2019) ஆகியவற்றில் இடம்பெற்றது.
* தானியங்கிக் கைமுறை வகை (ஏ.எம்.டி.): வழக்கமான கைமுறைப் பெட்டியே. கிளட்சையும் கியரையும் ஓட்டுநருக்குப் பதிலாக இயக்கிகள் அசைக்கின்றன. விலை குறைவு, கியர் மாறும்போது சிறு தயக்கம் தெரியும். ரெனோ குவிட் (2016) இதற்குச் சான்று.

வென்யூ 2020-இல் பெற்ற ஐ.எம்.டி. அமைப்பில் கிளட்ச் மட்டுமே தானியங்கும். கியரை ஓட்டுநரே மாற்ற வேண்டும். எனவே அது முழுமையான தானியங்கிச் செலுத்தம் அன்று. பெரும்பாலான மின் தானுந்துகளுக்கு ஒரே விகிதம் போதுமாதலால் கியர் மாற்றமே இல்லை.

தெரிவு நிலைகள்

* பி – நிறுத்தம். செலுத்தத்தின் வெளியீட்டுத் தண்டு பூட்டப்படும். பல ஏ.எம்.டி. தானுந்துகளில் இந்நிலை இராது. கைத்தடையைக் கட்டாயம் இழுக்க வேண்டும்.
* ஆர் – பின்னோக்கு
* என் – நடுநிலை
* டி – முன்னோக்கு
* எல் அல்லது எண்கள் – கீழ்க் கியர்கள். சிலவற்றில் கூட்டல், கழித்தல் குறிகளால் கியரைத் தெரியலாம்.

மலைச்சாலைகளில் கவனிக்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைப்பட்ட தொலைவு குறைவு. வயல்வெளிச் சாலையில் ஓட்டிப் பழகியவர், கீரிப்பாறையைக் கடந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு இடையே ஏறும் சாலையைச் சிறிது நேரத்திலேயே எதிர்கொள்ள நேரிடும்.

இறக்கம்: 1,000 கிலோகிராம் நிறையுள்ள தானுந்து 100 மீட்டர் உயரம் கீழிறங்கும்போது ஏறத்தாழ 9.8 லட்சம் சூல் ஆற்றல் வெளிப்படுகின்றது. தடையை மட்டும் நம்பினால் இதில் பெரும்பகுதி தடைகளில் வெப்பமாகின்றது. மிகைச் சூட்டில் தடையின் பிடிப்பு குறையும். தடை நீர்மம் கொதித்தால் மிதி உள்ளே அமிழ்ந்து தடை செயலிழக்கக்கூடும். கீழ்க் கியரில் இறங்கினால் பொறியே ஊர்தியை இழுத்துப் பிடிக்கும். டி நிலையில் சில ஊர்திகள் இறக்கத்தில் மேல் கியருக்குச் சென்றுவிடும். ஆகவே இறக்கம் தொடங்கும் முன்னரே கீழ்க் கியரைத் தெரிதல் வேண்டும். எரிபொருளைச் சேமிக்கும் எண்ணத்தில் நடுநிலையில் இறங்குவது ஆபத்தானது. பொறியின் பிடிப்பு அடியோடு அற்றுப்போகும். தற்காலப் பொறிகளில் கியரில் இறங்கும்போது எரிபொருள் பெரும்பாலும் தானே நிறுத்தப்படுவதால், நடுநிலையால் சேமிப்பும் இல்லை.

ஏற்றம்: முறுக்குவிசை மாற்றி வகை, தடையை விட்டதும் மெல்ல முன்னே ஊரும் இயல்புடையது. ஏ.எம்.டி. வகையோ, ஏற்ற உதவி வசதி இல்லாவிடில், பின்னே உருளக்கூடும். கைத்தடையை இழுத்து, முடுக்கியை அழுத்தியபின் அதனை விடுவிப்பது நன்று. முடுக்கியை மட்டும் மிதித்து ஊர்தியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது ஏ.எம்.டி., டி.சி.டி. வகைகளில் கிளட்சைத் தேய்த்துச் சூடாக்கும்.

பழுதுற்றால்: பொறி நின்றால் பல வகைகளில் எண்ணெய் எக்கியும் நின்றுவிடும். அந்நிலையில் இயங்கு சக்கரங்கள் தரையில் உருளுமாறு இழுத்துச் சென்றால், மசகு இன்றிச் செலுத்தம் சிதையலாம். சக்கரங்களைத் தூக்கியோ, தட்டை வண்டியில் ஏற்றியோ கொண்டு செல்ல வேண்டும்.

நன்மைகளும் குறைகளும்

நெரிசலில் களைப்பு குறைகின்றது. இடக்கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களும் ஓட்ட இயலுகின்றது. மறுபுறம், விலையும் பழுதுபார்ப்புச் செலவும் பொதுவாகக் கைமுறையினும் மிகுதி, ஏ.எம்.டி. வகையில் இவ்வேறுபாடு குறைவு. குறித்த எண்ணெயையே குறித்த அளவில் இடுதல் வேண்டும். எண்ணெயே இங்கு விசை கடத்தியாகவும், மசகாகவும், குளிர்விப்பானாகவும் இருப்பதால், அது கெட்டால் செலுத்தமும் கெடும்.

இவற்றையும் பார்க்கவும்

* கிளட்ச்
* பற்சக்கரம்
* முறுக்குவிசை
* உள் எரி பொறி