கால்வாயைக் கடந்த மிதிவண்டிகள்: ஒரு சங்க அட்டையின் வரலாறு

ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய பகுதியாகிய டோவர் நீரிணை ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலமே உடையது. இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேவுக்கும் இடையே 1820களிலிருந்தே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆகவே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் மிதிவண்டியுடன் முதன்முறையாகப் பிரான்சுக்குச் செல்லத் திட்டமிட்ட ஆங்கிலேயருக்குக் கடல் ஒரு பெருந்தடையாக இருக்கவில்லை. அக்கரையில் இறங்கியவுடன் எதிர்ப்பட்ட சுங்க அலுவலகம், முன்பின் அறியாத சாலைகள், புழுதி படிந்த உடையோடு வருபவரை ஏற்கத் தயங்கும் விடுதிகள் ஆகியனவே அவரைத் தயங்க வைத்தன. இத்தடைகளைக் களைந்ததில் வண்டியின் தொழில்நுட்ப வளர்ச்சிக்குப் பங்கு உண்டெனினும், அதைவிடப் பெரிய பங்கு உறுப்பினர் சந்தாவால் இயங்கிய ஒரு சங்கத்தின் சலிக்காத எழுத்துப்பணிக்கு உரியது.

மிதிவண்டி முதலில் கால்வாயைக் கடந்தது எதிர்த்திசையில்தான். முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்திய வண்டிகள் 1860களில் பாரிஸ் நகரின் மிஷோ பட்டறையிலிருந்து பரவின. 1868இல் அத்தகைய வண்டியொன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத் தையல் இயந்திரத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போர் பிரெஞ்சு உற்பத்தியை முடக்கிவிட, தொழிலின் தலைமை கவென்ட்ரிக்கு மாறியது. அந்நகரில் வளர்ந்த உயர்சக்கர வண்டியில், அதாவது ஓட்டுபவர் ஆளுயர முன்சக்கரத்தின் மேல் அமர்ந்து செல்லும் வண்டியில், நெடும்பயணம் செல்வது துணிச்சல்காரர்களுக்கே இயல்வதாக இருந்தது. அவர்களுள் ஒருவரான தாமஸ் ஸ்டீவன்ஸ், உலகைச் சுற்றும் தம் பயணத்தின் ஒரு பகுதியாக 1885 மே மாதத்தில் லிவர்பூலிலிருந்து தெற்கே வந்து, நியூஹேவனில் கப்பலேறி டியெப் துறையில் இறங்கி, பாரிஸ் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றார். அக்காலத்திலேயே இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கத் தம்பதியரான ஜோசப் பென்னலும் எலிசபெத் ராபின்ஸ் பென்னலும், இருவர் அமரும் மூன்றுசக்கர வண்டியில், எழுத்தாளர் லாரன்ஸ் ஸ்டெர்னின் பிரெஞ்சுப் பயணத்தடத்தைக் கலேயிலிருந்து பின்பற்றிச் சென்றனர். எலிசபெத் எழுத, ஜோசப் படம் வரைய, அப்பயணம் நூலாகவும் வெளிவந்தது.

இவை அருஞ்செயல்களாகவே பேசப்பட்டன. ஒரு வார விடுமுறையில் எளிய மனிதர் ஒருவர் போய்வரக்கூடிய பயணமாக அது மாறுவதற்கு, ஒரே அளவான இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட ரோவர் வண்டி 1885இலும், டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இலும் வரவேண்டியிருந்தது. ஆயினும் அமைப்புவழி ஆயத்தம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1878 ஆகஸ்டில் ஹாரோகேட் நகரில், ஸ்டான்லி காட்டரெல் என்னும் இளைஞரின் முயற்சியால் மிதிவண்டிப் பயணிகளுக்கான சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. 1883இல் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்ட இச்சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 1899இல் 60,000ஐத் தாண்டியது. ஊர்தோறும் ‘கான்சல்’ எனப்பட்ட ஊதியமற்ற பிரதிநிதிகளை நியமித்து அவ்வட்டாரச் சாலைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதும், உறுப்பினருக்குக் குறித்த கட்டணத்தில் அறை தர விடுதிகளோடு உடன்பாடு செய்து அவற்றின் சுவரில் சிறகுள்ள சக்கரச் சின்னத்தைப் பொருத்துவதும், செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நடுவதும் அதன் பணிகளாக இருந்தன. ஓர் அரசோ நகராட்சியோ செய்ய வேண்டியதைத் தனிமனிதர்கள் தங்கள் ஓய்வுநேரத்தில் செய்தார்கள் என்பதை இன்றைய வாசகர் மதிப்போடு எண்ணிப் பார்ப்பது தகும்.

கால்வாய்க்கு அப்பால் இச்சங்கம் ஆற்றிய பணிகளுள் தலையாயது சுங்கச் சிக்கலைத் தீர்த்ததாகும். அயல்நாட்டு வண்டி உள்ளே வந்து விற்கப்பட்டுவிடலாம் என்ற ஐயத்தால், அதற்குரிய தீர்வையை வைப்புத்தொகையாகக் கட்டச் செய்து, வண்டி திரும்ப வெளியேறும்போது அதை மீட்டளிப்பது சுங்கத்துறையின் முறையாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய களைப்போடு, புரியாத மொழியில், கைப்பணத்தில் ஒரு பகுதியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவது முதற்பயணியை அச்சுறுத்தும் செயலே. சங்கம் பல நாட்டு அரசுகளோடு கடிதவழியே பேசி, தன் உறுப்பினர் அட்டையைக் காட்டுபவர் தொகை கட்டாமலே வண்டியைக் கொண்டுசெல்லலாம் என்ற சலுகையைப் பெற்றது. 1890இல் இச்சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு பிரான்சில் டூரிங் கிளப் தெ ஃப்ரான்ஸ் தோன்றியபின், வழிகாட்டுதலும் விடுதித் தேர்வும் இரு கரைகளிலும் ஒத்த நெறியில் அமைந்தன.

எந்தத் துறைமுகத்தில் இறங்குவது என்பது அடுத்த வினா. மிகக் குறுகிய கடல்வழி கலேவுக்கே உரியதாயினும், அங்கிருந்து ஃபிளாண்டர்ஸ் நோக்கிச் செல்லும் சாலைகளில் பல ‘பாவே’ எனப்படும் கற்கள் பாவப்பட்டவை; கனத்த பாரவண்டிகளுக்காக அமைந்த அக்கற்பரப்பில் கெட்டி ரப்பர் டயரோடு ஓட்டுவது உடலை உலுக்கும் வேதனை. நியூஹேவனிலிருந்து டியெப் செல்லும் கடல்வழி ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமானது. ஆனால், இறங்கியவுடன் நார்மண்டியின் சரளைச் சாலை கிடைத்தது. பேராலயத்துக்குப் பெயர்பெற்ற ரூவான் நகரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், ஒருநாள் ஓட்டத்தில் இருந்தது. கடலில் சில மணிநேரம் கூடுதலாகச் செலவிட்டு நிலத்தில் நல்ல சாலையைப் பெறுவதே அறிவுடைமை எனலாம்.

பெண்களுக்கு இப்பயணம் வேறொரு பொருளையும் தந்தது. 1898இல் சீமாட்டி ஹார்பர்டன் காற்சட்டை வடிவ உடையில் வந்தமைக்காக சர்ரே மாவட்ட விடுதியொன்றின் உணவறையில் இடம் மறுக்கப்பட்டபோது, சங்கம் அவர் சார்பில் வழக்கு நடத்தித் தோற்றது. பிரான்சிலோ, பெண்கள் ஆடவர் உடை அணியக்கூடாதென்ற பழைய பாரிஸ் ஆணை நீடித்தபோதிலும், 1892இலும் 1909இலும் வெளியான சுற்றறிக்கைகள் மிதிவண்டியின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண்ணுக்கு விலக்களித்தன.

20ஆம் நூற்றாண்டில் இத்தகைய பயணம் எளியோருக்கும் எட்டியது. 1930இல் பிரிட்டனில் இளைஞர் விடுதிச் சங்கம் உருவானதும், பிரான்சில் 1936ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்கு ஊதியத்துடன் இரு வார விடுமுறை அளித்ததும் இதற்குத் துணைநின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தடை வேறு வடிவில் வந்தது: 1966 முதல் 1970 வரை, பிரிட்டனிலிருந்து வெளிநாடு செல்பவர் பயணச் செலவுக்கு 50 பவுண்டு மதிப்புக்கு மேல் அயல்நாட்டுப் பணம் பெற இயலாதிருந்தது. சிக்கனமாக வாழும் மிதிவண்டிப் பயணியை அது மற்றவர்களைவிடக் குறைவாகவே வருத்தியிருக்கும்.

1973இல், பிரான்சின் பிரிட்டானி வட்டார உழவர்கள் தங்கள் காய்கறிகளை விற்பதற்காகத் தொடங்கிய பிளிமத்–ரோஸ்காஃப் கப்பல்சேவை மேற்கே ஒரு புதிய வாயிலைத் திறந்தது. டியெப்பிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற பழைய இரயில்பாதை கைவிடப்பட்டு, ஃபோர்ஜ்-லெ-ஸோ ஊர்வரை மிதிவண்டித் தடமாக மாற்றப்பட்டது. 2012இல் இலண்டன்–பாரிஸ் பசுமைவழி திறக்கப்பட்டபோது இத்தடம் அதன் பகுதியாயிற்று. இரயில்பாதைக்கே உரிய மென்மையான ஏற்றஇறக்கமும் மோட்டார் வாகனமற்ற அமைதியும் உடைய இத்தடம், மூன்று நான்கு நாள் முதற்பயணத்துக்கு மிகப் பொருத்தமானது. 1993இல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தையோடு மறைந்த சுங்க எல்லை, பிரிட்டன் விலகியபின் 2021இல் மீண்டும் வந்துவிட்டது. 180 நாளில் 90 நாள் என்ற தங்கும் வரம்பு குறுகிய பயணியைத் தொடுவதில்லை என்றாலும், இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கொண்ட வழியுணவை பிரிட்டனிலிருந்து எடுத்துச்செல்ல விதி இடந்தருவதில்லை என்பதால், டியெப்பில் இறங்குபவர் முதல்நாள் உணவை அவ்வூர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.