மெழுகிய தரையும் பதித்த தரையும்

வீட்டைப் பற்றிய ஆய்வுகளிற் கூரைக்கும் சுவருக்கும் கிடைத்த கவனம் தரைக்குக் கிடைத்ததில்லை. கட்டடக் கலை பற்றி எழுதியோர் விமானத்தையும் கோபுரத்தையும் அளந்தனர். வீடமைப்புப் பற்றி எழுதியோர் நாற்சார் வீட்டின் முற்றத்தையும் திண்ணையையும் விரித்துரைத்தனர். ஆயின் மனிதன் தவழ்வதும் உண்பதும் உறங்குவதும் இறுதியிற் கிடத்தப்படுவதும் தரையிலேயே. அத்தரையை ஆக்கியோர் யாவர், அவ்வுழைப்பு எவ்வாறு மதிக்கப்பட்டது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே விடப்பட்டுள்ளன.

கடையில் ஓடுகளை வாங்கி வந்து, கூலியாள் வைக்காது வீட்டுக்காரரே தம் கையாற் பதித்துக்கொள்ளும் முறை மேனாடுகளிற் பெருவழக்காகி, ஈழத்திலும் அறியப்பட்டதொன்றாகிவிட்டது. இதனைப் புதுமை என்பர். தமிழர் வாழ்வைப் பொறுத்தவரை இக்கூற்று தலைகீழானது. வீட்டின் தரையை வீட்டாரே இடுதல் இங்கு மிகப் பழைய வழக்கம். புதிதாக வந்தவர் கூலிக்குத் தரை போடும் மேசனாரே.

மெழுகுதல் என்ற சொல்லின் பழைமையே இதற்குச் சான்றாகும். தும்பிசேர்கீரனார் பாடியதாகக் கொள்ளப்படும் புறநானூற்று 249 ஆம் பாடலில், கணவனை இழந்தாளொருத்தி அவனுக்கு உணவு படைப்பதற்காகச் சுளகளவினதான சிற்றிடமொன்றைச் சாணத்தால் மெழுகுகின்றாள். சாணத்தைக் கரைக்கும் நீர் அவள் கண்ணீரேயாகின்றது. பகைப்புலத்திற் சிறைபிடித்துக் கொணரப்பட்ட கொண்டி மகளிர் நீராடி, அந்தியில் விளக்கேற்றிப் பேணும் பொதியிலின் மெழுகிய நிலத்தைப் பட்டினப்பாலை காட்டும். மெழுகுபவள் ஓரிடத்திற் கைம்பெண், மற்றோரிடத்திற் சிறைப்பட்டவள். இவ்விரு சான்றுகளைக் கொண்டு சமூக முழுமைக்கும் முடிவு கூறல் பொருந்தாதெனினும், அக்கையின் உடைமையாளர் சமூகத்தின் உயர்படியில் நின்றவர் அல்லர் என்பது நோக்கற்பாலது.

பக்தி இயக்கம் இவ்வுழைப்புக்கு வேறொரு பொருள் கொடுத்தது. கோயிலை அலகிட்டு மெழுகுதலைத் தொண்டாகப் போற்றினார் அப்பர். அவர் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் இத்தொண்டினையே செய்து வந்ததாகப் பெரியபுராணம் கூறும். பின்னர், கோயில் மெழுகுவோர்க்கென விடப்பட்ட நிலம் ‘திருமெழுக்குப்புறம்’ எனப் பெயர் பெற்றது. அதாவது, இறைவன் இல்லத்துத் தரையை மெழுகுவதற்கு நிலம் ஈடாகக் கிடைத்தது. மனையில் மெழுகிய பெண்ணுக்கு அத்தகைய ஈடு எதுவும் எக்காலத்தும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

மண்தரை இடுவதன் நுட்பம் எளிதெனக் கருதப்படுவதுண்டு. அது அத்துணை எளிதன்று. புற்றுமண்ணோ களிமண்ணோ கொணர்ந்து, கல்லும் வேரும் நீக்கி, நீரூற்றிப் பதமாக்கிப் பரப்பல் வேண்டும். களி மிகுந்தால் உலரும்போது வெடிக்கும். மணல் மிகுந்தாற் பொருக்காகி உதிரும். கட்டையால் அடித்து இறுக்கிய பின், சாணக் கரைசலை உள்ளங்கையால் வளைவு வளைவாக இழுத்து மெழுகுவர். மெழுகுபவர் வாயிலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வருதல் வேண்டும். இன்றேல் ஈரத்தரையின் நடுவே அகப்பட்டுக்கொள்வர். ஓடு பதிக்கத் தொடங்கும் புதியவர் இன்று முதலிற் செய்யும் பிழைகளுள் இதுவும் ஒன்று! பாட்டிமார் அதனைச் சிறுமியர்க்குச் சொல்லிக் கொடுத்தே வளர்த்தனர்.

இத்தரையின் தலையான இயல்பு அது பிழை பொறுப்பது. பள்ளம் விழுந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மண் வைத்து மூடலாம். ஒருபோதும் முடிவடையாத வேலை அது. ஆகவே ஒருபோதும் கணக்கிடப்படாத வேலையுமாயிற்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் விரதத்திற்கும் திவசத்திற்கும் பொங்கலுக்கும் முன்னர் பெண்கள் முழங்காலிட்டுச் செலவிட்ட நேரத்தை எந்தக் குடிசன மதிப்பும் தொழிலாகப் பதிந்ததில்லை.

கல்லும் செங்கல்லும் சுண்ணமும் கொண்ட தரைகள் அரண்மனைக்கும் கோயிலுக்கும், ஒல்லாந்தர் காலத்திற் கோட்டைக்கும் கந்தோருக்கும் உரியனவாக இருந்தன. சாதாரண மனையின் தரையை மாற்றியது சீமெந்தே. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மேசனான யோசேப் அஸ்ப்டின் 1824 இல் போட்லன்ட் சீமெந்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். அது ஈழத்திற்கு நெடுங்காலம் கப்பலில் வரும் பண்டமாகவே இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, குடாநாட்டின் காலடியிற் கிடந்த சுண்ணக்கல்லே வீட்டுத் தரையாகும் நிலை தோன்றியது. தன் நிலத்தடிப் பாறையைத் தானே அகழ்ந்து, சுட்டு, அரைத்து, மீண்டும் அதன் மேலேயே விரித்துக்கொண்ட பிரதேசம் என யாழ்ப்பாணத்தைக் கூறினாற் பொருந்தும்.

சீமெந்து மண்ணைப் போலப் பிழை பொறுப்பதன்று. நீர் கலந்த அரைமணி நேரத்தின் பின் அது இறுகத் தொடங்கலாம். மட்டம் பார்ப்பதும் இழுப்பதும் மினுக்குவதும் அதற்குரிய வேளையில் முடிதல் வேண்டும். பின்னர்ப் பல நாட்கள் ஈரம் காத்தல் வேண்டும். சிவப்புச் சாயம் கலந்து மினுக்கிய தரையில் ஓரிடத்திற் கை தாமதித்திருந்தால் அத்தடம் வீடுள்ளவரை இருக்கும். ஆதலின் நீர்மட்டமும் மூலைமட்டமும் சாந்தகப்பையும் உடைய தொழிலாளி தேவைப்பட்டான். தரை பெண்ணின் கையிலிருந்து ஆணின் கைக்கும், ஊதியமற்ற உழைப்பிலிருந்து நாட்கூலி உழைப்புக்கும் மாறியது இவ்விடத்திலேயே. இம்மாற்றம் பெண்ணின் முழங்காலுக்கு ஓய்வு அளித்தது என்பதை மறுத்தல் தகாது. சாணத்தரையைப் பண்பாட்டுச் சின்னமாக்கிப் போற்றுவோருட் பலர் அதை ஒருநாளேனும் மெழுகியவர் அல்லர்.

ஓட்டின் வரலாறு இதனோடு கிளைத்துச் செல்வது. இங்கிலாந்தில் 1840 இல் ரிச்சட் புரொசர் உலர்ந்த களிமண் தூளை அழுத்தி வார்க்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஹேபேட் மின்ரனின் தொழிலகம் அம்முறையினால் ஒரே அளவான ஓடுகளைப் பெருந்தொகையாகச் செய்தது. தென்னிந்தியாவிற் பாசல் மிஷனைச் சேர்ந்த கேயோர்க் பிளெப்ஸ்ற் 1865 இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினார். அம்மேற்குக் கரையிலிருந்து வந்த கூரை ஓடுகளே ஈழத்திற் கள்ளிக்கோட்டை ஓடு எனப் பெயர் பெற்றன. செட்டிநாட்டு ஆத்தங்குடியிலோ சூளையே இல்லாத ஓடு வளர்ந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சீமெந்துக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை நீக்கி, மேலே மணலும் சீமெந்தும் இட்டு அழுத்துவர். பின்னர் நீரில் ஊறவைத்து உலர்த்துவர். தரையின் மினுக்கம் கண்ணாடி விட்டுச் சென்ற மினுக்கமே. பர்மாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழிலால் திரண்ட செல்வம் அந்த மாளிகைகளின் தரையிற் படிந்திருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று.

எவ்வகை ஓடாயினும் பதிக்கும் கலை நெடுங்காலம் தேர்ந்த மேசனாரின் உடைமையாகவே இருந்தது. உலர்ந்த ஓடு சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். நீரிழந்த சாந்து பிடிப்பற்றுப் போகும். ஆகவே ஓட்டை நீரில் ஊறவைத்து, ஓர் அங்குலமோ அதற்கு மேலோ தடித்த சாந்துப் படுக்கையின் மேல் வைத்து, தட்டித் தட்டி மட்டத்திற்குக் கொணர்ந்தனர். எவ்வளவு தட்டுவது என்பது நூலில் எழுத இயலாத அறிவு.

அவ்வறிவின் தனியுரிமையை உடைத்தது ஓர் இரசாயனக் கலவை. அமெரிக்க இரசாயனப் பொறியியலாளர் ஹென்றி ரொத்பேக் 1956 இல் இறப்பர்ப்பால் போன்ற பொருள் சேர்த்த மென்படைச் சாந்தை ஆக்கினார். சில மில்லிமீற்றர் தடிப்பே போதும். ஓட்டை ஊறவைக்கவும் வேண்டாம். பல்வெட்டுள்ள கரண்டியால் இழுத்தாற் சாந்து ஒரே உயரமான வரிகளாக நிற்கும். ஓடுகளுக்கிடையே செருகும் சிறு பிளாத்திக்குச் சிலுவைகள் இடைவெளியைச் சமனாக்கும். மேசனாரின் கையிலும் கண்ணிலும் இருந்த திறனிற் பாதி கருவிக்குள்ளும் சாந்துப் பைக்குள்ளும் புகுந்துவிட்டது எனலாம். ‘நீயே செய்துகொள்’ என்னும் அலை அப்பொழுதே அங்கு எழுந்திருந்தது; ‘ரைம்’ சஞ்சிகை 1954 ஓகத்தில் அதனைத் தன் அட்டைப்படப் பொருளாக்கியது. போருக்குப் பின் சொந்த வீடு பெற்றோர் தொகை பெருகியது; தொழிலாளரின் கூலியும் உயர்ந்தது. அக்கூலியைக் கொடுக்க விரும்பாத நடுத்தர வகுப்பு, தன் ஓய்வுநாளை உழைப்பாக்கிக்கொண்டு அதற்குப் பொழுதுபோக்கு எனப் பெயரிட்டது.

மீதிப் பாதித் திறன் இன்னும் எப்பையிலும் அடைக்கப்படவில்லை. புதியவர் சுவரோரத்தில் தொடங்குவார்; எந்தச் சுவரும் முற்றாக நேரன்று என்பதை எதிர்ச் சுவரை அடைந்து, கடைசி வரிசை ஆப்பு வடிவாக ஒடுங்கும்போதே அறிவார். மேசனார் முதலில் அறையின் நடுவே நூல் பிடித்து, ஓடுகளைச் சாந்தின்றி அடுக்கிப் பார்ப்பதன் காரணம் அதுவே. தடித்த படுக்கை கீழ்த்தளத்தின் மேடு பள்ளங்களை விழுங்கிக்கொள்ளும். மென்படை அவற்றை அப்படியே மேலே காட்டிவிடும். ஓட்டின் கீழ்ச் சாந்து நிரம்பாத இடத்தை விரலாற் தட்டினாற் குடத்தொலி கேட்கும். பாரமான பொருளொன்று விழும் நாளில் அவ்வோடு உடையும். கழுவறைத் தரையின் நீரோட்டச் சரிவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஈழத்தில் 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின் பளிங்கை ஒத்த ஓடுகள் கடைகளை நிறைத்தன. குடாநாட்டார் அவற்றுக்கு ‘மாபிள்’ என்றே பெயரிட்டுவிட்டனர். மாபிள் பதித்த வீடு வெளிநாட்டுப் பணத்தின் அடையாளமாயிற்று. சிவப்புச் சீமெந்துத் தரையைக் கொத்தியெடுத்து அதன் மேல் மாபிள் பதித்த வீடுகள் பல. அத்தரையில் நடக்க வேண்டியவர்களோ கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்தனர்.

காங்கேசன்துறைத் தொழிற்சாலை போரினால் 1990 இல் நின்றது. போர் முடிந்த பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 முதல், பயனாளிகள் தாமே கட்டுவிக்கும் முறையில் நடைபெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. மணல் சுமந்தவர்களும் கல் அடுக்கியவர்களும் நீர் தெளித்தவர்களும் பலவிடத்து அவ்வீட்டாரே. கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்கள் அவர்களுட் பல. எந்த வீட்டிலும் தரை கூரைக்குப் பின்னரே வரும். பணம் தீர்ந்துபோகும் கட்டமும் பெரும்பாலும் அதுவே. பணம் கூரையோடு தீர்ந்தவிடத்து, சீமெந்து காணாத அறைக்குள் மண் கொட்டி அடித்து, சாணம் கரைத்து மெழுகத் தெரிந்தவர் வீட்டில் எவரேனும் இருந்தால், அன்றிரவே பாய் விரிக்க முடிந்தது.