தாத்தாக்கள் போட்ட தண்டவாளம்



1886 செப்டம்பரில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் – புக்கிட் கூடா (கிள்ளான்) இரயில் பாதையை மாதிரியாகச் செய்ய, டெங்கிலில் என் மாணவர்கள் முற்பட்டனர். கடையில் வாங்கிய தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பெட்டியில் 1:87 என்றிருந்தது.

“அது ஏன் 87, ஐயா?” என்றான் ஒருவன். ஓர் அடி, அதாவது 304.8 மில்லிமீட்டர், மாதிரியில் 3.5 ஆகிறது, வகுத்தால் ஏறத்தாழ 87.

பின்னர் 16.5-ஐ 87-ஆல் பெருக்கச் சொன்னேன். விடை ஏறத்தாழ 1435. 2002 முதல் நம் வட்டாரத்தில் ஓடும் விமான நிலைய விரைவு இரயிலின் பாதை அகலம் அதுவே. 1885-இல் தைப்பிங்கில் தொடங்கிய மலாயா இரயிலுக்கோ 1000 மில்லிமீட்டர்தான். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பலர் வியர்வை சிந்தியது அந்தக் குறுகிய பாதையில்தான். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, ஆகவே 12 மில்லிமீட்டர் தண்டவாளமே அதற்கு நெருங்கி வரும்.

“ஐந்து மில்லிமீட்டர்தானே!” என்றனர் சிலர். மெய்யான பாதையில் அது 435 மில்லிமீட்டர். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நம் முன்னோர் போட்ட பாதையைச் செய்வதென்றால், அவர்கள் போட்ட அளவிலேயே செய்வோம். வீட்டிலுள்ள பொம்மை இரயிலைப் பிள்ளைகளோடு நீங்களும் அளந்து பாருங்கள்.