தேறுவானா, மாட்டானா?

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது வடமதுரை. சௌந்தரராஜப் பெருமாள் கோவிலைத் தரிசிக்க வருகிறவர்களுக்கு அது புண்ணிய ஸ்தலம். சுற்று வட்டாரத்து நூற்பாலைகளில் 'ஷிப்ட்' முடிந்து வருகிறவர்களுக்கு அது டீ கிடைக்கும் இடம். எனக்கோ அது என் பெரியப்பாவின் ஊர். அந்த ஊர் டீக்கடைப் பெஞ்சில் இரண்டரை வருஷத்துக்கும் மேலாக நடந்த ஒரு வழக்கைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். வழக்கு நடந்தபோது நான் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. ஆனால் பெரியப்பா அதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். இப்போது நானே அங்கே உட்கார்ந்து கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

வழக்கு இதுதான்: லட்சுமண் சிவராமகிருஷ்ணன் என்ற சென்னைப் பையன் தேறுவானா, மாட்டானா?

இன்று இந்தப் பெயரைக் கேட்டதும், "தொலைக்காட்சியில் கிரிக்கெட் வர்ணனை செய்தவர்தானே?" என்று வாசகர்கள் கேட்பார்கள். அவரேதான். ஆனால் 1984-ஆம் வருஷ முடிவில் அவர் வர்ணிப்பவராக இல்லை, வர்ணிக்கப்படுபவராக இருந்தார்.

1965 டிசம்பர் 31-ஆம் தேதி பிறந்தவர் சிவராமகிருஷ்ணன். பதினாறு வயதில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் இறங்கினார். கால் இறுதியில் டெல்லியை எதிர்த்து இரண்டாவது இன்னிங்ஸில் 28 ரன் கொடுத்து 7 விக்கெட் வீழ்த்தினார். பிறகென்ன? 1983 ஏப்ரல் 28-ஆம் தேதி மேற்கிந்தியத் தீவுகளில் ஆண்டிகுவா மைதானத்தில் இந்தியாவுக்காக ஆட இறங்கினார். அன்று அவருக்கு வயது பதினேழும் நூற்றுப் பதினெட்டு நாளும். அதற்கு முன் அவ்வளவு சின்ன வயதில் எந்த இந்தியனும் டெஸ்ட் ஆடியதில்லை.

அந்த ஆட்டத்தில் மேற்கிந்தியர் நால்வர் சதம் அடித்தார்கள்: கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், டூஜான், லாயிட். மொத்தம் 550. நம் பையனுக்கு ஒரு விக்கெட்கூட விழவில்லை. வடமதுரை டீக்கடையில் வழக்கு தாக்கலானது அப்போதுதான்.

வாதி, தையற்கடைக்காரர். பெரியப்பா அவரை 'மாமா' என்றுதான் அழைப்பார். பிரதிவாதி, பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். நடுவர் யாரும் கிடையாது. நூற்பாலைத் தோழர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து உட்கார்ந்துகொண்டு, எந்தப் பக்கம் வலுவிழக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு எண்ணெய் ஊற்றுவார்களாம்.

இந்த இடத்தில், கிரிக்கெட் அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அந்தப் பையன் வீசியது 'லெக் ஸ்பின்.' பந்தை விரலால் மட்டும் சுழற்றாமல் மணிக்கட்டையே திருகிச் சுழற்றுவது. விழுந்த பந்து வலது கை ஆட்டக்காரனின் காலடியிலிருந்து வெளிப்பக்கம் திரும்பும். அதே மாதிரி கையை வைத்துக்கொண்டு, பந்தை உள்பக்கம் திரும்ப வைப்பதும் உண்டு. அதற்கு 'கூக்ளி' என்று பெயர். மணிக்கட்டில் ஒரு நெல் முனை அளவு பிசகினால் பந்து நடுவில் விழுந்து எல்லைக் கோட்டுக்குப் போய்விடும். இந்த வித்தையைக் கற்றுக் கொள்ள வருஷங்கள் ஆகும். கற்றதைக் காப்பாற்றிக் கொள்ள அதைவிட அதிக வருஷங்கள் ஆகும். அடி வாங்கினாலும் "பரவாயில்லை, இன்னொரு ஓவர் போடு" என்று சொல்லும் மனிதர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தையற்கடை மாமாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் அத்துப்படி. தொழிலிலிருந்தே அவர் வாதத்தை எடுத்தார். "வாத்தியாரய்யா, என்கிட்டே வேலை பழக வர்ற பையனுக்கு முதல்லே காஜா எடுக்கக் கத்துக் கொடுப்பேன். அப்புறம் பட்டன். அப்புறம் மிஷின். கத்தரிக்கோலைக் கையிலே கொடுக்க மூணு வருஷம் ஆகும். இங்கே என்னடான்னா, வந்த அன்னிக்கே கல்யாணப் பட்டைக் கொடுத்து வெட்டுன்னு சொல்லிட்டாங்க. பையன் தேறமாட்டான்!"

"கை தானே வித்தை? அது இருக்கு அவனுக்கு. வயசு தானாக வரும்," என்பார் ஆசிரியர்.

பந்தயம் ஒரு மாதத்து டீ என்று முடிவாயிற்று.

1984 நவம்பர் 28-ஆம் தேதி பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்ட் தொடங்கியது. தேசம் துக்கத்தில் இருந்த காலம் அது. அக்டோபர் 31-இல் பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். ஆட்டத்துக்கு முதல் நாள் பம்பாயிலேயே பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நிலைமையில் மைதானத்தில் இறங்கிய பதினெட்டு வயதுப் பையன், முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6 விக்கெட், இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6 விக்கெட் என்று பன்னிரண்டு பேரை அனுப்பி வைத்தான். இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்து டெல்லியில் முதல் இன்னிங்ஸில் மறுபடியும் 6 விக்கெட். மூன்று இன்னிங்ஸில் பதினெட்டு!

வடமதுரையில் அன்று ஆசிரியர் கட்சிக்குத் தீபாவளிதான். "என்ன மாமா, கல்யாணப் பட்டு எப்படி?" என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். மாமா டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "வெட்டிட்டான், சரி. தைச்சு முடிக்கட்டும்," என்று மட்டும் சொன்னாராம்.

ஜனவரியில் பொங்கல் சமயத்தில் சென்னை சேப்பாக்கத்தில் நான்காவது டெஸ்ட். சென்னை ஆட்டம் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனை உண்டு. அப்துல் ஜப்பார் போன்றவர்களுடைய குரல் ஊர் ஊராகக் கேட்டுக் கொண்டிருந்த காலம். கரும்பைக் கடித்துக்கொண்டு ஊரே டிரான்சிஸ்டரைச் சூழ்ந்து நின்றது. சொந்த ஊர்ப் பிள்ளை சொந்த மைதானத்தில் வீசப் போகிறான்!

நடந்தது வேறு. இங்கிலாந்தின் ஃபவுலர் 201, கேட்டிங் 207. ஒரே இன்னிங்ஸில் இரண்டு ஆங்கிலேயர் இரட்டைச் சதம் அடித்தது அதுவே முதல் தடவை. 7 விக்கெட் இழப்புக்கு 652 என்று நிறுத்திக் கொண்டார்கள். நம் பையனுடைய பந்துகளும் மற்றவர்கள் பந்துகளோடு சேர்ந்து அடிபட்டன. இந்தியா தோற்றது. அந்தத் தொடர் முழுவதும் அவருக்குக் கிடைத்தது 23 விக்கெட். முதல் மூன்று இன்னிங்ஸில் பதினெட்டு. மிச்சமெல்லாம் சேர்த்து ஐந்து.

ஆனாலும் வழக்கு முடியவில்லை. 1985 மார்ச் 10-ஆம் தேதி மெல்போர்னில் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தின் இறுதி ஆட்டம். பாகிஸ்தானின் மியாண்டாட் நிலைத்து நின்று 48 ரன் எடுத்திருக்கிறார். சிவா வீசிய பந்து அவரை ஏமாற்றிவிட்டுப் பின்னால் போக, சதானந்த் விசுவநாத் 'ஸ்டம்ப்' செய்கிறார். இந்தியா கோப்பையை வென்றது. ஆசிரியர் மறுபடியும் எழுந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு சிவா ஆடிய டெஸ்ட்டுகள் மூன்றே மூன்று. அவற்றில் கிடைத்த விக்கெட்டும் மூன்றே மூன்று. கடைசி டெஸ்ட் 1986 ஜனவரி 2-ஆம் தேதி சிட்னியில் தொடங்கியது. இருபது வயது நிறைந்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மொத்தம் ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட். 1987 உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டம் ஆடினார். 1987-88-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் இருந்தார். ஆனால் டெஸ்ட் கதவு மறுபடி திறக்கவில்லை. மற்றவர்கள் கல்லூரியில் பரீட்சை எழுதிக் கொண்டிருக்கும் வயதில் அவருடைய பரீட்சையின் முடிவு வெளியாகிவிட்டது.

தையற்கடை மாமா ஜெயித்துவிட்டார் என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிற்பாடு பழைய ஆட்டங்களின் சரித்திரத்தைப் புரட்டியபோது எனக்குச் சந்தேகம் வந்தது.

சென்னையின் வி. வி. குமாரை எடுத்துக் கொள்ளுங்கள். அவரும் லெக் ஸ்பின்னர். 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். அதே வருஷம் இன்னொரு டெஸ்ட் ஆடினார். அவ்வளவுதான். ரஞ்சிப் பந்தயங்களில் 417 விக்கெட் எடுத்த மனிதருக்கு மூன்றாவது டெஸ்ட் கிடைக்கவில்லை. அவர் தேறவில்லை என்று யார் சொல்ல முடியும்?

மைசூர்ச் சந்திரசேகர் பதினெட்டு வயதில் 1964-இல் இறங்கினார். இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிய வலது கையாலேயே வீசினார். நடுவில் காயமுற்றுச் சில வருஷம் காணாமல் போனார். "அவ்வளவுதான்," என்று எத்தனை டீக்கடையில் தீர்ப்பு எழுதினார்களோ! 1971-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் வெற்றியைத் தேடித் தந்தார். அனில் கும்ப்ளே 1990-இல் பத்தொன்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடிவிட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே காத்திருந்தார். பிறகு 619 விக்கெட் எடுத்தார்.

எல்லாவற்றிலும் அதிசயம் ஒன்று உண்டு. சிவா கடைசி டெஸ்ட் ஆடிய அதே சிட்னி மைதானத்தில், அதே ஜனவரி 2-ஆம் தேதி, சரியாக ஆறு வருஷம் கழித்து, 1992-இல், இருபத்திரண்டு வயது ஆஸ்திரேலியன் ஒருவன் முதல் டெஸ்ட் ஆட வந்தான். அவனும் லெக் ஸ்பின்னர். எதிரே இந்தியா. ரவி சாஸ்திரி 206 அடித்தார்; சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 148. அந்தப் பையனுக்கு 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட். அவன் பெயர் ஷேன் வார்ன். அவனைத் தூக்கி எறியாமல் பொறுத்துக் கொண்டார்கள். பிற்காலத்தில் அவன் எடுத்தது 708 விக்கெட்.

ஆகவே, இருபது வயதில் ஒருவனைப் பார்த்துத் 'தேறுவானா' என்று கேட்பது, நாற்றங்காலைப் பார்த்துக் கண்டுமுதல் எத்தனை மூட்டை என்று கேட்பது போலத்தான். மழை உண்டு, தண்ணீர் உண்டு, பூச்சி உண்டு, பக்கத்து வயல்காரன் உண்டு. நாற்றுக்கு மட்டும் பொறுப்பைக் கட்டுவது என்ன நியாயம்?

டீக்கடைக்குத் தெரியாத பூச்சி ஒன்றும் இருந்தது. பல வருஷம் கழித்து, 2021-இல், வாழ்நாள் முழுவதும் தம் நிறத்தைக் காட்டித் தாம் ஒதுக்கவும் ஏசவும் பட்டதாகச் சிவராமகிருஷ்ணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்நிய தேசத்தில் அல்ல, நம் தேசத்திலேயே. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பந்து ஏன் திரும்பவில்லை, நீளம் ஏன் தவறியது என்று வடமதுரையில் இரண்டரை வருஷத்துக்கும் மேலாக அலசியிருக்கிறார்கள். அந்தப் பையன் ராத்திரி எப்படித் தூங்கினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு வழியும் இல்லை. ரசிகனுடைய கண்ணுக்குப் பந்து மட்டுமே தெரிகிறது. பந்தைப் பிடித்திருக்கும் பிள்ளை தெரிவதில்லை.

காலம் மாறிவிட்டது. 2016 முதல் திண்டுக்கல்லின் பெயரிலேயே தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஓர் அணி இருக்கிறது; 2024-இல் அசுவின் தலைமையில் அது கோப்பையையும் வென்றது. நத்தம் மைதானத்தில் நம் கண்ணெதிரே பையன்கள் ஆடியிருக்கிறார்கள். ஒருவன் இரண்டு ஆட்டத்தில் சறுக்கினால் போதும். "இவன் தேறமாட்டான்" என்ற தீர்ப்பு அவன் உடை மாற்றுவதற்குள் அவன் கைத் தொலைபேசிக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பழைய டீக்கடையின் பேச்சுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது அந்தப் பையன் காதில் விழவில்லை.

பந்தயம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அதையும் சொல்லிவிடுகிறேன். சிட்னிக்குப் பிறகு வந்த ஆட்டங்களில் சிவாவின் பெயர் இல்லை என்பது உறுதியானதும், ஆசிரியர் கடைக்காரரிடம் போய், "இன்றிலிருந்து ஒரு மாதம் மாமாவின் டீ என் கணக்கு," என்றாராம். மாமா கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"பையன் தோத்தான்னு சொல்லி நான் டீ குடிக்கணுமா? அவன் மேலே என்ன தப்பு வாத்தியாரய்யா? நான் சொன்னது துணியைக் கொடுத்த ஆளுங்களைப் பத்தி."

அன்றைக்கு இருவரும் அவரவர் காசிலேயே டீ குடித்தார்களாம்.