புதுச்சேரி அரசியல்: கொள்கையும் ஆள்கட்டும்

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளைக் கொண்ட புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியில் கட்சிக் கொள்கையைவிட உறவு, சாதி, தெருப்பழக்கம், தனிமனிதச் செல்வாக்கு ஆகியவையே வாக்கைத் தீர்மானித்து வந்துள்ளன. அண்மைக்காலக் கட்சித்தாவல்களை வைத்து இதைப் புதிய நோயாகக் கருதுவோர் உண்டு. ஆனால் இதன் வேர் பிரெஞ்சு ஆட்சிக்கால வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறது.

பட்டியல்களின் காலம்

மூன்றாம் குடியரசின் கீழ் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை பெற்றது. 1880இல் பத்து நகராட்சிகள் ஏற்பட்டன. உரிமை வந்ததும் யாருடைய சட்டப்படி வாழ்வது என்ற கேள்வி எழுந்தது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். நீதிபதி அவரை வாதாட விடவில்லை. பொன்னுத்தம்பி பாரிஸ் உச்சநீதிமன்றம் வரை சென்று வென்றார். 1881இல் சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்யும் ஆணை வந்ததும், லப்போர்த் என்ற குடும்பப்பெயரைச் சூடினார். அவ்வாறு துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர்.

எதிர்முகாமுக்குத் தலைவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். சாதி வழக்கங்களைக் காப்பதே அவர் அறிவித்த நோக்கம். பார்வைக்கு இது தெளிவான கொள்கைப் போர். ஆனால் 1884இல் ஐரோப்பியர், ரெனோன்சான்கள், ஏனைய இந்தியர் என வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டதும் கணக்கு மாறியது. எந்தப் பட்டியலும் தனித்து ஆள முடியாது. ஆகவே ஐரோப்பியரில் ஒரு பிரிவைச் சேர்த்துக்கொள்பவர் கையில் உள்ளூர் அவை வந்தது. இந்தக் கலையில் சண்முக முதலியாருக்கு நிகரில்லை. பாரிஸில் உட்கார்ந்திருந்த வேட்பாளர்கள் அவர் தயவை நாடினார்கள். அவர்களுடைய அரசியல் கொள்கை என்ன என்று வாக்காளர் யாரும் கேட்டதில்லை. 1910இல் பிரெஞ்சுக்காரரான பால் ரிஷார் தேர்தல் வேலையாகப் புதுச்சேரி வந்து அரவிந்தரைச் சந்தித்தார். 1914இல் தாமே போட்டியிட்டபோது ஊரில் ஆள்கட்டு இல்லாததால் தோற்றார்.

ஆலைத் தொழிலாளர் இயக்கம்

இந்த வழக்கத்தை ஒரே ஒரு முறை கொள்கை உடைத்தது. வ. சுப்பையா 1934இல் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கி, ரோடியர், சவானா, கேப்ளே ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். 1936 சூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 தொழிலாளர் உயிரிழந்தனர். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. சாதி கேட்காமல், பங்காளி உறவு பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் ஒரு கோரிக்கைக்காக நின்ற அந்நாள்களுக்குப் புதுச்சேரி வரலாற்றில் இணையில்லை.

அரசியல் தலைவர் எதுவார் குபேர் வந்ததும் பழைய முறை திரும்பியது. 1951 தேர்தலில் பிரெஞ்சு ஆதரவாளராக நின்ற அவருக்குச் சுமார் 90,000 வாக்குகள் விழுந்தன. எதிர்த்தவர்கள் பெற்றவை மிகச் சொற்பமே. 1954 மார்ச்சில் அவர் இந்தியாவுடனான இணைப்பின் பக்கம் திரும்பியபோது நகராட்சித் தலைவர்களும் உடன் திரும்பினர். அவர்கள் பின்பற்றியது கொள்கையை அன்று, குபேரை. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஏற்றனர். 1963இல் குபேர் காங்கிரஸ் முதலமைச்சரானார்.

பிற்காலம்

2021 தேர்தலின்போது சுமார் 10 லட்சம் வாக்காளருக்கு 30 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரி 33,000 பேர். தமிழ்நாட்டில் அது இரண்டரை லட்சத்துக்கும் மேல். இவ்வளவு சிறிய தொகுதியில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் வராத சட்டமன்ற உறுப்பினரை மக்கள் மன்னிப்பதில்லை. இப்படிக் கட்சியைவிட ஆளே முக்கியமானதால், ஃபாரூக் மரைக்காயர் தி.மு.க. சார்பிலும் பின்னர் காங்கிரஸ் சார்பிலும் முதலமைச்சரானார். காங்கிரஸ் முதலமைச்சர் பதவியை 2008இல் இழந்த ந. ரங்கசாமி, மோட்டார் சைக்கிளில் வந்து வாக்களிக்கும் எளிமையால் அறியப்பட்டவர். அவர் 2011இல் என்.ஆர். காங்கிரஸைத் தொடங்கி, சில மாதங்களிலேயே ஆட்சியைப் பிடித்தார். 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் பதவி விலகியதால் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு கவிழ்ந்தது. அதில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த ஆ. நமச்சிவாயம், அதே ஆண்டு அமைந்த ரங்கசாமி அரசில் பா.ஜ.க. சார்பில் உள்துறை அமைச்சரானார்.